ஒரு பிடித் தேரி

சுயம்புக்கனி வீட்டுத் தரை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பிப் போனது. அவள் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போயிருந்தாள். தளம் போடும்போது அடியில் கொட்டி நிரப்பிய செம்மண் அதற்குள் நடைப்படியின் கீறல் வழியாக விரல் பருமனில் ஒரு சிவப்புக் கோடாக வெளியே வந்து, வாசலில் இருந்த கோலத்தை மிதிக்காமல் சுற்றி, தெருவைக் கடந்து, தெற்கே தேரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டும் முகத்தோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உளுந்து சூடேறிவிட்டால் இட்லி பொங்காது என்று கிரைண்டரை அணைக்க உள்ளே போனாள்.

கருக்குவிளைக்குத் தெற்கே முழுக்கத் தேரிதான், அதாவது கண்ணுக்கு எட்டியவரை செம்மணல் காடு. பனைகள் கழுத்துவரை மண்ணில் முங்கி நிற்பதால் ஏறாமலே நுங்கு வெட்டலாம், முள் நிறைந்த உடைமரங்கள் காற்று தள்ளிய பக்கமே சாய்ந்து வளரும், மழை அறுத்த பள்ளங்களில் இறங்கி நின்றால் இரண்டு பக்கமும் சிவப்புச் சுவரும் மேலே கொஞ்சம் வானமும் தவிர ஒன்றும் தெரியாது, நேற்றுப் பார்த்த மேடு ஆடிக்காற்றில் நாளை பள்ளமாகும். நரியும் மயிலும் பெயர் தெரியாத பல்லிகளும் அங்கே குடியிருந்தன. நிலம் சர்க்காருக்குச் சொந்தம், ஆனால் சர்க்கார் நட்டுவிட்டுப் போன சர்வே கற்களை மண் மூடி வெகு காலம் ஆகிவிட்டது. எங்களைப் பொறுத்தவரை அது சும்மா கிடக்கிற இடம், சும்மா கிடக்கிற இடத்திலிருந்து எடுத்தால் எடுத்தது ஆகாது என்பது எங்கள் ஊர் நியாயம். வீட்டுத் தரைக்கு எடுத்தோம், பள்ளிக்கூட மைதானத்துக்கு எடுத்தோம், கல்யாணப் பந்தலில் சேறு ஆகாமல் இருக்கவும் எடுத்தோம். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுவந்து கொட்டியது சுயம்புக்கனியின் வீட்டுக்காரன் லிங்கத்துரையின் டிப்பர் லாரி.

அதனால் அன்று சாயங்காலத்துக்குள் அவன் போன் ஓயவில்லை. உன் மண் ஓடிப்போகிறது என்று ஒருவர், மைதானத்தில் பிள்ளைகள் நிற்கிற இடம் குழியாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்து சார், என் மாமனார் வீட்டு நடுக்கூடம் இறங்கியதில் மாமனாரும் கூடவே இறங்கிவிட்டார், அவருக்கு அடி ஒன்றுமில்லை, ஆனால் ரொம்பக் கோபமாக இருக்கிறார் என்று இன்னொருவர். லிங்கத்துரை எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னான். மண்ணைக் கொண்டுவந்து தட்டுவதுதான் அவன் வேலையாம், அதைப் பிடித்துக் கட்டிவைப்பது அவன் வேலை இல்லையாம்.

ஒரு வாரத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. வாசலில் கோலம் போடுகிற பெண்கள் மண் போக ஒரு விரலிடை விட்டுப் புள்ளி வைத்தார்கள், டீக்கடைக்காரர் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார், சாத்தான்குளம் பஸ் பெரிய கோடு கடக்கிற இடத்தில் நின்று நின்று போனது, கண்டக்டர் அந்த இடத்துக்கு மண்ணு ஸ்டாப்பிங் என்றே பேர் வைத்துவிட்டார். கோழிகள்தான் அதைக் கொத்தக் கூடாது என்று கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டன.

பழகாமல் போனது ஒன்றே ஒன்று. எங்களால் உட்கார முடியவில்லை. மண் புறப்பட்ட வீடு எதுவோ அந்த வீட்டு ஆட்களின் உள்ளங்கால் குறுகுறுத்தது, உட்கார்ந்த உடனே எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. டீயை நின்றுகொண்டு குடித்தோம், சோற்றைத் தட்டோடு கையில் வைத்து நடந்துகொண்டு தின்றோம், பெண் பார்க்க வந்தவர்களும் பெண்ணும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தே சம்மதம் சொல்லிக்கொண்டார்கள், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உலாத்துகிற தாயைப் போல ஊரே உலாத்தியது. படுத்தால் தூக்கம் வரும்தான், ஆனால் கால் மட்டும் தூங்காது.

அப்புறம் வெளியூர் மண் வர ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் பிழைக்க வெளியே போகிறவர்கள் குலசாமி கோவிலில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போவார்கள், போன இடத்தில் அந்த மண்ணை வைத்துக் கும்பிட்டால் சாமி அங்கேயும் வந்துவிடும், அதற்குப் பிடிமண் என்று பேர். எங்கள் குலசாமி தனிவழி சாஸ்தா தேரிக்கு நடுவே கூரையில்லாமல் ஓர் உடைமரத்தடியில் நிற்கிறார், பங்குனி உத்திரத்துக்கு மட்டும்தான் போவோம். அவருடைய பிடிமண் இப்போது மதுரையிலிருந்து வந்தது, திருப்பூரிலிருந்து வந்தது, தண்டவாள ஓரமாகவே பம்பாயிலிருந்தும் வந்தது. பம்பாய்ப் பிடிமண்ணின் பின்னாலேயே தாராவியில் கடை வைத்திருந்த பால்துரை ரயிலில் வந்து இறங்கினார், ஒவ்வொரு ஜங்ஷனிலும் எட்டிப் பார்த்து மண் வருகிறதா என்று உறுதி செய்துகொண்டு. சாமி முன்னால் போகும்போது பூட்டிய கடைக்குள் தனக்கு என்ன வேலை என்று கேட்டார். அவராலும் உட்கார முடியவில்லை. ரயிலில் முழுத் தூரமும் கதவோரம் நின்றே வந்ததாகச் சொன்னார்.

ஊர் முழுக்க மண்ணைப் போகவிட்டு வழி ஒதுங்கி நின்றபோது ஒருத்தி மட்டும் ஒரு பிடி மண்ணைப் பிடித்து வைத்திருந்தாள். அது சுயம்புக்கனி. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

அவளுக்குப் பொன்துரை என்று ஒரு பிள்ளை இருந்தான். குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டான், கையை விட்டு ஓர் அடி எடுத்துவைப்பதற்குள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி தேரிக்கு அந்தப் பக்கம். நேரே போனால் பக்கம்தான், ஆனால் நேரே வழி கிடையாது, ரோடு தேரியைச் சுற்றிக்கொண்டு போகும். லிங்கத்துரை டிப்பரை எவ்வளவு விரட்டியும் பாதிச் சுற்றுக்கு மேல் பிள்ளை தாங்கவில்லை. எங்கள் வழக்கப்படி சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை, தேரியில் புதைத்துவிட்டு அடையாளம் வைக்காமல் வந்துவிடுவோம், பெண்கள் உடன் போவதில்லை. லிங்கத்துரைதான் தூக்கிக்கொண்டு போனான். வாசலைத் தாண்டும்போது அவள் ஒன்று மட்டும் கேட்டாள், மூடிய பிறகு மேலே இருந்து ஒரு பிடி எடுத்துவரச் சொன்னாள். அவன் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருந்த பவுடரைத் தட்டிவிட்டு அந்த டப்பாவில் மண்ணைப் போட்டு மூடியைத் திருகி அலமாரியில் வைத்தாள். அடுத்த ஆடிக்காற்றில் தேரி இடம் மாறியது. புதைத்த இடம் எதுவென்று இப்போது லிங்கத்துரைக்கே தெரியாது.

அந்த டப்பா இப்போது அலமாரியில் குதித்துக்கொண்டிருந்தது. பவுடர் டப்பா மூடியில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, இந்தப் பக்கம் திருகினால் திறக்கும், அந்தப் பக்கம் திருகினால் அடைக்கும். அவள் அடைக்கும் பக்கம் திருகி, மேலே துணியைச் சுற்றி, துணிமேல் ரப்பர் போட்டு, அதற்கும் மேலே மாவு எடைபோடும் படிக்கல்லை வைத்தாள். படிக்கல்லோடு சேர்ந்து குதித்தது. அவளிடம் இட்லி மாவு வாங்க வந்தவர்கள் காதில் அந்தச் சத்தம் விழும், விழாதது மாதிரி மாவு புளிச்சிருக்கா, புளிக்கலையா என்று பேசுவார்கள். எங்கள் ஊரில் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காத ஆளே கிடையாது, அந்த ஒரு டப்பா விஷயத்தில் மட்டும் எப்படியோ மரியாதை தெரிந்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் செம்மணல் பூங்கா வந்தது. பூங்கா என்றால் படம்தான் முதலில் வந்தது: தேரிக்குள் குடில்கள், உயரமாக ஒரு கோபுரம், கோபுரத்தில் தொப்பி போட்ட குடும்பம், எல்லாவற்றுக்கும் நடுவே கருக்குவிளையிலிருந்து நேரே அந்தப் பக்கம் போய்ச் சேருகிற தார் ரோடு. சும்மா கிடக்கிற நிலத்தை உபயோகமாக்குகிறோம் என்று படத்தைக் கொண்டுவந்த கம்பெனி ஆள் சொன்னார். தாசில்தாரம்மாவும் கூட வந்திருந்தார், ஊர் சம்மதம் வேண்டும் என்றார். வந்தவர்கள் மண் கோடுகளைத் தாண்டித் தாண்டித்தான் பேசினார்கள். கம்பெனி ஆள் கீழே பார்த்துவிட்டு, இதையும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டலாம் என்று எழுதிக்கொண்டார்.

இதில் எங்கள் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். மண் ஏன் திரும்பிப் போகிறது என்று அதுவரை ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம், ரோட்டுப் படத்தைப் பார்த்த உடனே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. சாஸ்தா பிள்ளைகளையெல்லாம் கூப்பிடுகிறார், பெரிய கொடைத் திருவிழா கேட்கிறார், அத்தனை ஜனமும் போய்வர ரோடு கேட்கிறார். ஊராட்சித் தலைவர் வைகுண்டமணி நடந்துகொண்டே கூட்டம் போட்டார், நாங்களும் அவர் பின்னாலேயே தெருத் தெருவாக நடந்து, நடந்தபடியே கைதூக்கிச் சம்மதித்தோம். ரோடு ஆஸ்பத்திரிக்கும் ஆகும், சாமிக்கும் ஆகும், வெளியூர்க்காரன் வந்தால் டீக்கடைக்கும் ஆகும். பால்துரை பம்பாய்க்குப் போன் போட்டு சாஸ்தாவுக்குக் கிரானைட் மண்டபம் கட்ட ஆள் பிடித்தார். கூரை வேண்டாம் என்று நின்ற சாமி அவர் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

எல்லாரையும்விட ரோட்டை அதிகம் விரும்பியவன் லிங்கத்துரை. வேலை கிடைத்தது என்பதற்காக அல்ல. மற்ற டிரைவர்கள் இருந்தும் முதல் லோடு ஜல்லி அவன்தான் கொண்டுவந்தான், கடைசி லோடும் அவன்தான், தார் ஊற்றும்போது வெயிலில் கூடவே நின்றான். ஊருக்கும் தேரிக்கும் இடையே எல்லை நெடுக ஓடி, அதற்கப்புறம் உள்ளே திரும்புவதாக ரோட்டின் திட்டம், எல்லைப் பகுதியை முதலில் போட்டு முடித்தார்கள். போட்டு முடித்த அன்று மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்து, இனி இந்த ஊரில் எந்தப் பிள்ளையையும் சுற்றிக் கொண்டுபோக வேண்டியதில்லை என்று சுயம்புக்கனியிடம் சொன்னான். அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பா குதிப்பதை நிறுத்தியிருந்தது.

அன்று அவள் வெகு நாளைக்குப் பிறகு துணியையும் ரப்பரையும் எடுத்துவிட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நின்றபடியே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். இனி இது என்னிடமே இருக்கும் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

அவள் டப்பா மட்டுமல்ல, எல்லா மண்ணும் நின்றுவிட்டது. வீட்டிலிருந்து வந்த மண், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மண், திருப்பூர் மண், பம்பாய் மண், எல்லாம் தாரின் விளிம்புவரை வந்து அங்கேயே குந்திவிட்டன. பின்னால் வந்த மண் முன்னால் வந்த மண்மேல் ஏறி உட்கார, ரோட்டுக்கு ஊர்ப் பக்கத்தில் ஒரு மேடு எழும்பியது, மேடு தெருவுக்குள் வந்தது, டீக்கடையின் பலகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சாலை மறியல் செய்கிறது என்று வைகுண்டமணி சிரித்தார். லிங்கத்துரை டிப்பரில் அள்ளிக்கொண்டுபோய் ரோட்டுக்கு அப்பால் கொட்டினான். கொட்டிய மண், ரோடு கிடக்கும்வரை உள்ளே போவதில்லை என்பதுபோல, ரோட்டின் நுனியைச் சுற்றி வளைந்து மறுபடி ஊருக்குள்ளேயே வந்தது, கூடவே தேரியிலிருந்து இன்னும் கொஞ்சத்தைக் கூட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மண் ஜன்னல்வரை ஏறியது. கதவைத் திறக்க முடியாமல் பின்பக்கச் சுவரை இடித்து வழி வைத்தவர்கள் உண்டு, ஆட்டுக்குட்டிகள் கூரைமேல் ஏறி மேயத் தேடின, பஸ் ஊருக்குள் வருவதை நிறுத்தியது. பால்துரை தினமும் மேட்டின்மேல் நின்று சாஸ்தாவே, ரோடு போட்டுவிட்டோம், இன்னும் என்ன குறை என்று தேரியைப் பார்த்துக் கேட்டார். கொடையை இன்னும் பெரிதாகச் செய்வோம் என்றார்கள், ஜெனரேட்டர் வைத்து ரோடு நெடுக விளக்குப் போடுவோம் என்றார்கள், மண்டபத்தை இரண்டு அடுக்காக்குவோம் என்றார்கள். ஒவ்வொரு யோசனைக்கும் மண் ஒரு முழம் ஏறியது. கால்களின் குறுகுறுப்பு இடுப்புவரை வந்துவிட்டது, எங்களைப் பார்த்து எங்களுக்கே எரிச்சலாக வந்தது, புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டே நடந்தன.

சுயம்புக்கனி வீட்டில் மட்டும் அமைதி. அவள் அந்த டப்பாவைக் காதில் வைத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் ஆட்டினால் மண் சரசரக்கும், திறந்தால் பவுடர் வாசம் வரும். இப்போது ஆட்டினால் ஒரே கட்டியாக டொக்கென்று முட்டியது, வாசமும் இல்லை. பிள்ளை கடைசியில் அழுகையை நிறுத்தியபோதும் இப்படித்தான் இருந்தது, தூங்கிவிட்டான் என்று அன்றைக்கும் அவள் நிம்மதியாகத்தான் நினைத்தாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு, மேட்டில் ஏறி இறங்கி, ஊர் கூடி நடந்துகொண்டிருந்த இடத்துக்குப் போனாள்.

கிராமசபைக் கூட்டம் அன்று பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. பூங்காவுக்கான கடைசிச் சம்மதத்தை வாங்கத் தாசில்தாரம்மாவும் வந்து கூடவே நடந்துகொண்டிருந்தார், பாவம், அவருக்கும் செருப்புக்குள் மண் போயிருந்தது. சுயம்புக்கனி குறுக்கே போய் நின்றதும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதாயிற்று.

"அது நம்மளக் கூப்பிடல" என்றாள். "நாம எடுத்ததத் திருப்பிக் கேட்டுது, அம்புட்டுதான். கேட்டவுக வாசல்ல ரோட்டப் போட்டு, விளக்கப் போட்டு, கும்பலா நிக்கோம். எப்படி உள்ள போவும்? சும்மா கெடக்க விடுங்கன்னு சொல்லுது. யாரும் போவாம, ஒண்ணும் கட்டாம, சும்மா."

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். லிங்கத்துரை முன்னால் வந்தான். ஊர் நடுவில் பெண்டாட்டியை எதிர்த்துப் பேசுகிற ஆளில்லை அவன், அன்று பேசினான்.

"ரோடு இருந்திருந்தா நம்ம புள்ள இருந்திருப்பான். உனக்குத் தெரியாதா ஏளா?"

"தெரியும்" என்றாள். "இருந்திருப்பான். நான் இல்லன்னு சொல்லல. இந்த ரோட்டப் பேத்தா என் கையில இருக்க இந்த ஒரு பிடியும் போயிரும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா நாம பூங்காவா கேட்டோம்? ஆஸ்பத்திரி வண்டிய ராப்பகலா நம்ம ஊருலயே நிறுத்தட்டும், சுத்துற ரோட்ட நல்லாப் போடட்டும். அதக் கேளுங்க. அவன் மேல தார ஊத்தாதீய."

கடைசி வாக்கியம் அவன் யோசிக்காத ஒன்று. உள்ளே திரும்புகிற ரோடு எந்த மேட்டின்மேல் போகும், எந்தப் பள்ளத்தின்மேல் போகும் என்று அவனுக்குத் தெரியும், பிள்ளையை எந்த மேட்டில் எந்தப் பள்ளத்தில் வைத்தான் என்பதுதான் தெரியாது. நேரே போய், தார் போட்டவர்கள் விட்டுவைத்திருந்த ஜேசிபியைக் கிளப்பினான்.

அவனே போட்ட ரோட்டை அவனே பெயர்த்தான். பாளம் பாளமாக வந்த தாரையும் ஜல்லியையும் நாங்கள் கைமாற்றிக் கொடுத்து டிப்பரில் ஏற்றினோம், ஒரு ஜல்லிக்கல்கூடத் தேரி ஓரத்தில் கிடக்கக் கூடாது என்று பெண்கள் குனிந்து பொறுக்கினார்கள், கம்பெனி ஆள் போனில் யாரிடமோ கத்திக்கொண்டே போனவர் திரும்பி வரவில்லை. கடைசிப் பாளம் எழும்பியதும் மேடு அசைந்தது. பிறகு போனது பாருங்கள், தெருவெல்லாம், ஜன்னலெல்லாம், கூரையெல்லாம், பிடிமண்ணும் வீட்டு மண்ணும் மைதான மண்ணும் ஒன்றாகக் கலந்து, தாகத்தோடு குளத்துக்கு இறங்குகிற மாடுகள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, சிவப்பாக, சத்தமே இல்லாமல் தேரிக்குள் போனது. காலையிலிருந்து சாயங்காலம்வரை போனது. பால்துரை தன்னுடைய பம்பாய்ப் பிடிமண்ணை அந்தக் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக் கும்பிட்டார், நாங்களும் அதை மறுக்கவில்லை.

மண் போய் முடிந்த இடத்திலேயே தாசில்தாரம்மா தன் வேலையை முடிக்கப் பார்த்தார். தேரியை எதற்காக விட்டுவைக்கச் சொல்கிறீர்கள், மேய்ச்சலா, விறகா, கோவிலா என்று கேட்டார். எதற்கும் இல்லை என்று வைகுண்டமணி சொன்னார். இனி யாரும் உள்ளே போவதில்லை, பங்குனி உத்திரத்துக்கும் எல்லையில் நின்றே விளக்கு வைப்பது, சாஸ்தா தேரியோடு இருந்துகொள்ளட்டும் என்று ஊர் முடிவெடுத்துவிட்டதையும் சொன்னார். எதற்கும் இல்லாத நிலம் என்று ஒரு வகை சர்க்காரில் இல்லையே என்று அந்தம்மா திகைத்தார்.

"இல்லன்னா ஒண்ணு உண்டாக்குங்கம்மா" என்றார் வைகுண்டமணி. "எங்க ஊருல மண்ணு நடந்து போவுது. உங்க ஆபீசுல ஒரு வகை கூட முடியாதா?"

உண்டாக்க நாளாயிற்று, அதற்காக நாங்கள் அலைந்த அலைச்சல் தனிக்கதை, கடைசியில் உண்டாக்கினார்கள். ஆஸ்பத்திரி வண்டியும் வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றது. சுற்றுகிற ரோட்டைச் செப்பனிட லிங்கத்துரை முதல் லோடு அடித்தான். வீட்டுத் தரைகளுக்குக் குளத்து வண்டலான கரம்பையை அள்ளிப்போட்டு நிரப்பினோம், கறுப்பாக இருந்தாலும் அது ஓடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மண் போன அன்று சாயங்காலமே எங்களுக்கு உட்கார வந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம், வாசலில் உட்கார்ந்தோம், ஒரு காரணமும் இல்லாமல் ஒருவர் வீட்டில் ஒருவர் போய் உட்கார்ந்தோம். பால்துரை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பம்பாய் போய்ச் சேர்ந்ததாகப் போன் பண்ணினார்.

சுயம்புக்கனியும் லிங்கத்துரையும் மட்டும் உட்காரவில்லை. தார் பெயர்ந்த நேரத்திலிருந்து டப்பா மறுபடி குதிக்க ஆரம்பித்திருந்தது, முன்பைவிட வேகமாக. அவள் நின்றபடி மாவு அரைத்தாள், அவன் வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் அலமாரிக்கும் நடந்தான். ஊரில் எல்லாருக்கும் தெரியும். மண்ணை விட்டுவிடும்படி எல்லாரிடமும் சொன்னவள் அவள்தானே, அவளே விடவில்லையே என்று யாரும் சொல்லிக்காட்டவில்லை. மாவு வாங்கப் போனால் உட்காரச் சொல்லுவாள், அவள் நிற்கும்போது எங்களுக்கு உட்கார மனம் வராது, நின்றே வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆடி பிறந்து காற்று எழும்பிய ஒரு காலையில் அவள் கிரைண்டரைக் கழுவி வைத்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தாள். லிங்கத்துரை கூடவே போனான். ரோடு இருந்த இடத்தில், ஊர் முடிந்து சிவப்பு தொடங்குகிற கோட்டில் நின்றார்கள். அவள் குனிந்து டப்பாவைக் கவிழ்த்து, மூடியைத் திறக்கும் பக்கம் திருகினாள். சின்னச் சின்னத் துளைகள் வழியாக மண் பவுடர் மாதிரியே தூவி விழுந்தது. வாசம் வந்தது. விழுந்த மண் கொஞ்சம் நின்றது, தள்ளாடியது, ஒரு சாண் போய் நின்றது, மறுபடி போனது.

ஊர் மண்ணெல்லாம் போன போக்கில் இது போகவில்லை. இதற்குத் தனி வழி இருந்தது, இரண்டு மேடுகளுக்கு நடுவே இடப்பக்கமாகத் திரும்பியது. லிங்கத்துரை அதைக் கைநீட்டிக் காட்டினான்.

"அது எடம் தெரிஞ்சு போவுது" என்றான். "நீயும் பின்னாலேயே போ ஏளா. எங்கன வச்சேன்னு எனக்கே தெரியல. இப்பப் போனா அவன் கெடக்க எடத்தப் பாத்துரலாம். ஊருல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

அது உண்மைதான், நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். அவள் ஓர் அடி எடுத்துவைத்தாள். செம்மணலில் அவள் பாதம் பதிந்தது. பிறகு அந்தக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள், பதிந்த தடத்தை உள்ளங்கையால் தடவி அழித்தாள்.

"நடக்காத புள்ள" என்றாள். "இப்பதான் கைய விட்டுட்டு நடந்து போறான். நான் பின்னால வாரதப் பாத்தா தூக்கச் சொல்லி நின்னுருவான்."

மண் போய்க்கொண்டிருந்தது. ஒரு மயில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வழிவிட்டது. முதல் மேட்டின் சரிவில் ஏறும்போது கொஞ்சம் சறுக்கியது, அவள் கை தானாக நீண்டது, அது சமாளித்து ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அதற்குமேல் தெரியவில்லை. காற்று வந்து கோட்டை மூடியது. அவள் காலி டப்பாவின் மூடியைத் திருகி அடைத்தாள். பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள்.